மரக்குருணைக்கு ஓர் அறை

2006 செப். 4, திங்கள்

மழை. காலையில் வேலை, பிறகு நேரே வீடு கட்டும் இடம். சப்பாத்து முழுக்கச் சேறு. சுவர் எழும்பிவிட்டது, கூரையும் போட்டாயிற்று, ஜன்னல் அடுத்த கிழமை. ஜெர்மனியில் எசன் நகரத்துக்கு வெளியே, பஸ் மாறிப் போகவேண்டிய ஊர். பக்கத்தில் குதிரைப் பண்ணை. தமிழாட்கள் ஒருவரும் இல்லை. அதற்காகவே பிடித்த காணி.

வீட்டைச் சூடாக்கும் வேலையைப் பொறுப்பெடுத்த லோமான் வந்தார். எரிவாயுவா, எண்ணெயா, வேறேதுமா, மாதம் முடிய முதல் சொல்லிவிடுங்கள் என்றார். குழாய் போகும் வழி அதைப் பொறுத்ததாம். இவருக்கு, என் மனிசனுக்கு, மொழிபெயர்த்தேன். வந்த நாள் முதல் இத்தாலியன் சாப்பாட்டுக் கடைக் குசினியில் நிற்கிற மனிதர். ஜெர்மனை விட இத்தாலியன் தூசணம் கூடத் தெரியும். கந்தோர், டொக்டர், வங்கி, எல்லா இடத்திலும் இவருக்கு வாய் நான்தான்.

லோமான் மேலே அளந்துகொண்டிருக்க இவரைக் காணவில்லை. பார்த்தால் கெல்லரில் நிற்கிறார். நிலவறையில் இரண்டு அறை. ஒன்று ஜன்னல் இல்லாத பொந்து, கொதிகலனுக்கு. மற்றது தெருப்பக்கம், ஜன்னலோடு, ஈரமில்லாத நல்ல அறை. அதன் நடுவில் நின்று கையை விரித்து அளக்கிறார்.

"இதிலை அக்காவின்ரை கட்டில். அந்த மூலையிலை சாமிப்படம். வடிவாய்க் காணும்."

பல்லைக் கடித்ததில் கடைவாய் இப்போதும் நோகிறது.

செப். 5, செவ்வாய்

லீவு. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

அக்கா என்பது இவருடைய தமக்கை புவனேஸ். எனக்கு மச்சாள். இனி ம. என்று எழுதுவேன், முழுப் பெயருக்கு மை வீண். கலியாணத்துக்கென்று ஜெர்மனிக்குக் கூப்பிட்ட பெண். மாப்பிள்ளை பிராங்க்பேர்ட் விமான நிலையத்தில் பார்த்தான், ஒரு கிழமை யோசித்தான், வேறு ஊருக்குப் போய்விட்டான். அவன் தப்பினான். நான் மாட்டினேன். அன்று தொடங்கி எங்களோடுதான்.

"மச்சாள் இல்லாட்டி நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருப்பீங்களோ?" என்று கேட்காத தமிழர் இந்த நகரத்தில் இல்லை. உண்மைதான். முதியோர் இல்லத்தில் ஜெர்மன் கிழவிகளை நான் குளிப்பாட்ட, என் பிள்ளையை அவ குளிப்பாட்டினா. ஆரணி முதன்முதல் அம்மா என்று கூப்பிட்டது அவவை. நான் வேலையால் வந்து வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டு நின்றேன். இந்தக் காதால் கேட்டேன். ம. பிள்ளையைத் திருத்தவில்லை. சிரித்தா.

ஆரணிக்கு இப்போது பதினெட்டு. தலை இழுத்துப் பின்னுவது ம., காய்ச்சலுக்கு ரசம் வைப்பது ம., பெடியன் ஒருவன் பின்னால் திரிந்தாலும் முதல் தெரிவது ம.வுக்கு. கலியாணம் கட்டிப் போக முதல் கொஞ்சக் காலமாவது பிள்ளை என்னோடு இருக்கவேண்டும். எனக்கே எனக்கு. இந்த வீடே அதற்குத்தான். அதற்குள் இந்த மனிதர் கட்டிலைக் கொண்டுவந்து போடுகிறார்.

அவ வரக்கூடாது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

செப். 9, சனி

பிறந்தநாள் கொண்டாட்டம், வாடகை மண்டபம். எங்களுடைய வீட்டுக்கு எதைப் பூட்டுவது என்பதுதான் பந்தி முழுக்கப் பேச்சு. ஆளுக்கொரு மதம்.

எரிவாயு: முக்கால்வாசிப் பேர். "பேசாமல் காஸை எடுங்கோ அக்கா. சுவரிலை ஒரு பெட்டி, முடிஞ்சுது அலுவல்."

எண்ணெய்: மணியண்ணை மட்டும். அவருடைய வீட்டில் வடையும் டீசல் மணக்கும்.

பூமிக்குள்ளிருந்து சூடெடுப்பது: ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த ஒருவர், எஞ்சினியராம். எசனில் நிலத்துக்குக் கீழே பழைய நிலக்கரிச் சுரங்கம், துளை போடுவதற்கு லேசில் அனுமதி தரமாட்டார்கள் என்றேன். "அக்காவுக்கு விசயம் தெரியுது" என்று சபை கேட்க ஆச்சரியப்பட்டார். மூஞ்சூறு.

ம.விடமும் கேட்டார்கள், அவவும் ஒரு ஆள் என்று. "எதைப் பூட்டினாலும் எனக்குக் காரியமில்லை. சுவரிலை சூடாகிற இரும்பு இருக்கவேணும். இல்லாட்டிக் குளிருக்குத் தோசைமா எங்கை வைச்சுப் புளிக்கப்பண்ணுறது?" பெண்கள் எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். புத்தியான கேள்விதான். அதுதான் எரிந்தது. சுவரில் இரும்பே வேண்டாம், தரைக்குள் குழாய் என்று அந்தக் கதிரையிலேயே முடிவு செய்தேன்.

முட்டைக்கறி உப்பு. கேக் பரவாயில்லை.

செப். 12, செவ்வாய்

வேலையில் ஒரு கிழவி கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைப் போல எனக்கொரு மகள் இல்லையே" என்று அழுதா. முதுகைத் தடவிவிட்டேன், தண்ணீர் கொடுத்தேன். வேலையில் நான் தேன். வீட்டு வாசலில் சப்பாத்தோடு அதையும் கழற்றி வைத்துவிடுவேன்.

செப். 16, சனி

வெயில். வெப்பமூட்டிகளின் கண்காட்சி, நானும் இவரும். கால் வீங்கிவிட்டது. கடைசியில் பெலெட் என்று ஒன்று காட்டினார்கள். மரத்தூளை இறுக்கிச் செய்த குருணை, பார்க்கக் கோழித்தீன் மாதிரி. அது தானாகவே கொதிகலனுக்குள் விழுந்து எரியும்.

இவர் இலவசத் தொத்திறைச்சி வாங்கப் போனார். விற்கிற பெடியன் நல்லவன், குறையையும் சொன்னான். சேமித்து வைக்க ஓர் அறை முழுதாக வேண்டுமாம். ஈரமில்லாத அறை. தெருப்பக்கம் என்றால் லொறியிலிருந்து குழாயால் ஊதி நிரப்ப வசதியாம்.

"ஓர் அறை முழுதாகவா?"

"முழுதாகத்தான். வேறொன்றுக்கும் உதவாது. பலருக்குப் பிடிக்காததே அதுதான்."

எனக்குப் பிடித்தது. இவர் பக்கத்தில் இல்லை, இருந்திருந்தாலும் அந்தப் பெடியனைக் கொஞ்சியிருப்பேன்.

செப். 18, திங்கள்

பிரசாரம் தொடக்கம். இவரிடம்: ரஷ்யாக்காரன் ஒரு நாள் குழாயைப் பூட்டினால் விறைத்துச் சாவோம். மரம் அப்படியில்லை, எங்கள் நாட்டு மரம்.

"எந்த நாட்டு மரம்?"

"ஜெர்மன் மரம்."

"ஓ" என்றார். நாட்டுப்பற்று அவ்வளவுதான்.

ஆரணியிடம் காற்று, காடு, வருங்காலம் என்றெல்லாம் சொன்னேன். எதிர்பார்க்கவே இல்லை, எழும்பி வந்து கட்டிப்பிடித்தாள். "அம்மா, நீங்கள் இப்பிடி யோசிப்பீங்களெண்டு எனக்குத் தெரியாது." அவளுடைய தலைமுடியில் ம. வைக்கிற எண்ணெய் மணந்தது. அப்படியும் விடவில்லை, பிடித்துக்கொண்டே நின்றேன்.

செப். 26, செவ்வாய்

முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிறகு வாசித்துச் சிரிக்க.

லோமான் சொன்னது: உங்கள் வீட்டுக்கு எரிவாயுவே போதும், குழாய் தெருவரை வந்திருக்கிறது. நான் இவருக்குச் சொன்னது: "காஸ் வேண்டாமாம். விலை ஏறிக்கொண்டே போகுமாம்."

லோமான் சொன்னது: பெலெட்தான் வேண்டுமென்றால் அந்த அறையை வீணாக்காதீர்கள். தோட்டத்தில் ஒரு தொட்டியைப் புதைத்து அதில் நிரப்பலாம். அறையில் ஓர் ஆள் இருக்கலாம், நல்ல அறை. நான் சொன்னது: "அந்த அறையை விட்டால் வேறை வழியில்லையாம்."

லோமான் தோட்டப்பக்கம் கையைக் காட்டித் தொலைத்தார். இவர் கேட்டார், "உங்கை என்னத்தைக் காட்டுறான்?"

"தோட்டத்திலை மரம் நடச் சொல்லுறான்."

"நல்ல மனுசன்" என்றார் இவர். கையெழுத்து வைத்தார்.

லோமான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

காரில் வரும்போது இவர் சொன்னார், "அக்காவுக்கு நீயே சொல்லு. எனக்கு மனம் வராது." தெரிந்ததுதான். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு. ஒரு பியர் குடிக்கிறதென்றாலும் அக்காவுக்குப் பயந்து போத்தலைத் துவாயால் சுற்றி ஒளித்து வைக்கிற ஆள்.

செப். 27, புதன்

ம. குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு போனேன்.

"மச்சாள், எனக்கும் மனம் சரியில்லை. அந்த அறை பெலெட்டுக்கு வேணுமாம். அப்பிடித்தான் செய்ய ஏலுமாம்."

கத்தி நிற்கவில்லை. "ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம்."

"என்ன?"

"ஒண்டுமில்லை. நான் இந்த வீட்டிலையே இருப்பன். ஜன்னலாலை ட்ராம் போறது தெரியும். உங்கை வந்து குதிரையையே பாத்துக்கொண்டிருக்கிறது?" வெட்டியதை உப்புத் தண்ணீருக்குள் போட்டா. "அது சரி, உமக்கு மா அரைச்சுப் பழக்கமில்லையே. பிள்ளை என்ன சாப்பிடும்?"

மத்தியானம் முழுக்க இதற்குப் பதில் தேடினேன். நல்லதாக ஒன்று கிடைத்தபோது அவ குளிக்கப் போய்விட்டா.

வீட்டுக்காரியோடு கதைத்து, பழைய வீட்டை அவவின் பெயருக்கு மாற்ற டெர்மின் எடுத்து நேரமும் குறித்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் துப்பரவு வேலை இருக்கிறது, வாடகை கட்டுவா. "மச்சாளைத் தெருவிலை விட்டவள்" என்று ஒருவரும் சொல்ல முடியாது. இந்த விசயத்தில் என்னை நானே மெச்சிக்கொள்ளலாம்.

அக். 14, சனி

காற்று. ஆரணியும் நானும் மட்டும். நிறம் வாங்கப் போனோம். அறைக்கு மஞ்சள் எடுத்தாள், மாம்பழ மஞ்சள். காருக்குள் இருந்து உருளைக்கிழங்குப் பொரியல் தின்றோம். கையைத் துடைக்கக் கடதாசி இல்லை, என் சால்வையில் துடைத்தாள். நான் ஏசவில்லை.

"மாமி அங்கை தனிய என்னெண்டு இருப்பா? என்ரை அறையிலை ரெண்டு கட்டில் போடலாம்தானே?"

"உனக்கு இனிப் படிப்பு, வேலை. மாமி குறட்டை விடுவா."

"எனக்கு அந்தச் சத்தம் இல்லாட்டித்தான் நித்திரை வராது."

வானொலிச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

ஐயர் புதுவீடு குடிபூரலுக்கு நாள் வைத்துவிட்டார், மார்கழி பிறக்க முதல். தரை காயவேண்டும், என்ன அவசரம் என்று லோமான் கேட்கிறார். மார்கழியை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? வாடகை ஒப்பந்தம் முடிகிறது என்று சொல்லிவிட்டேன்.

நவ. 11, சனி

கொதிகலன் வந்துவிட்டது. சிவப்பு. நான் மேலே திரைச்சீலைக்கு அளவெடுத்தேன். ஆரணி கீழே லோமானோடு கதைத்துச் சிரிப்பது கேட்டது. அவளுக்கு யாரோடும் வாய். பிறகு சிரிப்பு நின்றது.

மேலே வந்தாள். "அம்மா, தோட்டத்திலை தொட்டி வைச்சிருக்கலாமாமே. அவர் உங்களுக்குச் சொன்னவராமே."

"அது சரிவராது. செலவு. உனக்கு விளங்காது."

"அறையிலை ஆள் இருக்கலாமெண்டும் சொன்னவராம்."

"அந்த நுனியைப் பிடி, அளவு பிழைக்குது."

பிடித்தாள். வீட்டுக்கு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பழக்கம் ஜெர்மன்காரரிடம் பழகியது. எங்கள் ஆட்கள் என்றால் கத்தித் தீர்த்திருப்பார்கள்.

நவ. 22, புதன்

குளிர், பனிப்புகார். பெலெட் லொறி வந்தது. ஜன்னலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பலகையடித்து இரண்டு வாய் வைத்திருக்கிறார்கள். அதில் தடித்த குழாயைப் பூட்டி ஊதினார்கள். காது அடைக்கிற இரைச்சல். குதிரைகள் ஓடின.

ம. வந்திருந்தா! வேலையாட்களுக்கென்று ரோல்ஸ் சுட்டு, பஸ் மாறி. யார் கேட்டது? லொறிக்காரன் இரண்டு தின்றுவிட்டு மூன்றாவதைச் சட்டைப்பைக்குள் வைத்தான். குருணை ஈரம் பட்டால் ஊதிக் கெட்டுவிடும், கவனம் என்று அவன் சொன்னதை ஆரணி மாமிக்குத் தமிழில் சொன்னாள்.

ம. கெல்லர் கதவின் சின்னக் கண்ணாடியால் உள்ளே பார்த்தா. குருணை அப்போது முழங்கால் உயரம்.

"ஈரமும் படக்கூடாதாமோ. குடுத்து வைச்ச மரம்."

ஆரணி அவவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கூட்டுமாற்றை எடுத்துத் தூசி கூட்டினேன். உண்மையைச் சொன்னால், அறை நிரம்ப நிரம்ப வயிறு நிறைந்தது.

டிச. 3, ஞாயிறு

குடிபூரல். வெளியே தூறல், உள்ளே வெறுங்காலுக்குத் தரை இளஞ்சூடு. வந்தவர்கள் எல்லாரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, "ஆ, நல்ல சுகமாயிருக்கு" என்றார்கள். பால் வடக்குப் பக்கமாகப் பொங்கியது, நல்லதாம். ம. பின்வரிசையில் இருந்தா, நீலச் சேலை. பந்திக்குப் பிறகு பாத்திரம் கழுவ எழும்பினா. வேண்டாம், இது என்னுடைய குசினி என்றேன். சரி என்று கையைத் துடைத்தா.

சனம் போனபின் ஆரணியைக் கூப்பிட்டேன். "வா, உன்ரை அறைக்குத் திரைச்சீலை போட்டிட்டன்."

கோட் போட்டுக்கொண்டு நின்றாள். "நான் வரேல்லை அம்மா."

"எங்கை?"

"இந்த வீட்டுக்கு. மாமியோடை இருக்கப்போறன். ஆவுஸ்பில்டுங் தொழிற்படிப்புக்கும் அங்கையிருந்து கிட்டத்தானே. அப்பாவுக்குச் சொல்லிட்டன்."

"அப்பா என்ன சொன்னவர்?"

"உன்ரை விருப்பம் எண்டார்."

"உனக்காகத்தானடி இந்த வீடு கட்டினது."

"மாமியை வைக்கவேண்டிய இடத்திலை மரத்தை வைச்சிருக்கிறீங்கள். மரத்தோடையே இருங்கோ."

ஜெர்மனில் சொல்லியிருந்தால் இவ்வளவு நொந்திருக்காது. தமிழில் சொன்னாள். அந்தத் தமிழும் ம. பழக்கியது.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "போ. அவ கிடையிலை விழேக்கை மூத்திரம் அள்ளு" என்றேன்.

"அள்ளுவன். அவ எனக்கு அள்ளினவ."

மாமியும் மருமகளும் ஒரு குடைக்குள் பஸ் தரிப்புக்குப் போனார்கள். இவர் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று பின்னால் ஓடினார். தாம்பாளத்தில் ஆரணிக்கென்று எடுத்து வைத்த பலகாரம் அப்படியே இருந்தது. முழுவதையும் நானே தின்றேன். பிறகு சத்தி எடுத்தேன்.

டிச. 8, வெள்ளி

தொலைபேசி எடுத்தேன், ஆரணி எடுக்கவில்லை. மாலையிலும் எடுத்தேன். இவருடைய தொலைபேசி அடிக்கிறது, இவர் அடுத்த அறைக்குப் போய்க் கதைக்கிறார். ம. வறுத்து வைத்த கறித்தூள் முடியப்போகிறது. மஞ்சள் அறையைக் கூட்டினேன், தூசியே இல்லை.

டிச. 14, வியாழன்

உறைபனி. லோமான் கடைசிச் சரிபார்ப்புக்கு வந்தார். இவரும் லீவில் நின்றார்.

கீழே எல்லாம் பார்த்துவிட்டு லோமான் சொன்னார், இது பெரிய கொதிகலன், எல்லா அறையிலும் ஆள் இருப்பதாக நினைத்து எடுத்தது. மேலே மஞ்சள் அறையில் ஒருவரும் இல்லையே, அதன் குழாயை அடைத்துவிடட்டுமா?

நான் வாயைத் திறக்க முதல் இவர் பதில் சொன்னார். ஜெர்மனில். அடைக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகள் என்னைப் பார்க்க வருவாள் என்று. இலக்கணம் பிழை. விசயம் பிழையில்லை. லோமான் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இவர் வரவேற்பறையில் வந்து இருந்து மண்டரின் தோலை உரிக்கத் தொடங்கினார். பக்கத்தில் பியர்ப் போத்தல், பட்டப்பகலில், துவாய் இல்லாமல்.

"இஞ்சருங்கோ. அவன் சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?"

"இவ்வளவு காலம் இருக்கிறன். இதுவும் விளங்காதே?"

"அப்ப செப்ரெம்பரிலை?"

"தோட்டத்திலை மரம் நடச் சொல்லுறான் எண்டாய்." ஒரு சுளையை வாய்க்குள் போட்டார். "சிரிப்பை அடக்கப் பட்ட பாடு."

எதிரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். "பிறகேன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

"எனக்கும் அவவோடை ஏலாதுதான். சின்னப்பெடியனைப் போலை எத்தினை வயசு வரைக்கும் பயந்துகொண்டிருக்கிறது? ஆனால் நான் வாயாலை சொல்ல ஏலுமே? கூடப்பிறந்தவ. நீ செய்வாய் எண்டு தெரியும். நீ அப்பிடியான ஆள்தானே." கோபமாகச் சொல்லவில்லை. கறி நன்றாக இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

"ஆரணிக்குச் சொல்லுங்கோ. உங்களுக்கும் எல்லாம் தெரியுமெண்டு சொல்லுங்கோ."

"என்னத்துக்கு? பிள்ளைக்கு ஒரு ஆளாவது மிஞ்சட்டும்."

அப்போதுதான் இவருடைய தொலைபேசி அடித்தது. இந்த முறை எழும்பி அடுத்த அறைக்குப் போகவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"ஓம் பிள்ளை... ஓம், சாப்பிட்டனான்... இல்லையில்லை, நீ அழாதை. என்ன செய்யிறது, உன்ரை அம்மா அப்பிடி."